பெட்ரோல் குறையாத வண்டி

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகம்தானே? உன் ஒற்றைத் தலைவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கக் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்துத் தேய்த்து ஃபிரேமில் பொருத்தினால் தலை வலிக்காமல் என்ன செய்யும்? எனக்குக் கழுத்து வலி ஒன்றுதான் குறை. இவர் கல் மாதிரி இருக்கிறார்.

எங்கள் ஜீப் போய்ச் சேர்ந்துவிட்டது. போன வாரம் ஒரு மாடு கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று இவர் அலறியடித்துக்கொண்டு கிளம்பினார். பாதி வழியில் கரும்புகை விட்டு நின்ற ஜீப் அப்புறம் அசையவே இல்லை. மாட்டு டாக்டர் ஒரு டிராக்டரில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். கன்று பிழைத்தது. ஜீப் பிழைக்கவில்லை.

புது வண்டி வாங்க வேண்டும். இவருக்கு எலக்ட்ரிக் கார் மேல் ஆசை. எனக்கு அந்த இன்னொன்று வேண்டும், பிளக்-இன் ஹைபிரிட். கொஞ்ச தூரம் கரண்டில் ஓடும், தீர்ந்தால் பெட்ரோலில் ஓடும் என்கிறார்களே, அது. இங்கே கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. சாயங்காலமானால் எல்லாத் தோட்டத்திலும் மோட்டார் ஓடுகிறது, வோல்டேஜ் படுத்துவிடுகிறது. இவர் ஒரு நாளைக்கு நூற்றிருபது கிலோமீட்டர் சுற்றுகிறார். பேட்டரியை நம்பி நடுக்காட்டில் நிற்க முடியுமா? நீயே சொல்.

நான் சொன்னால் இவர் கேட்க மாட்டார். வண்டி விஷயத்தில் இவருக்கு அத்தான் வாக்குதான் வேதவாக்கு. இத்தனை வருஷமாக ஷோரூமில் கார் விற்கிறவர் ஹைபிரிட்தான் நல்லது என்று நாலு வரி எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்தது. வாங்கிக் கொடு, அக்கா.

பதிலை நான் வேலை செய்கிற நூலகத்து முகவரிக்கே போடு. வீட்டுக்கு வேண்டாம். போனும் வேண்டாம். இங்கே மொட்டைமாடியில் ஏறி நின்றால்தான் சிக்னல், கத்திப் பேசினால் தெருவே கேட்கும்.

உன் தங்கை,
வாலு

*

மார்ச் 12

என் வாலுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். அத்தானுக்கு ஒரு குறையும் இல்லை. என் தலைவலிக்கு என்னை விட்டால் வேறு ஆள் தெரியாது, அதுவும் சுகமாக இருக்கிறது. நீ தலையணையை மாற்று, கழுத்து சரியாகிவிடும்.

வோல்டேஜ், கிலோமீட்டர், பேட்டரி! அடேயப்பா! இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் டிக்கியைத் திறந்துகொண்டு நின்றவள் எழுதுகிற கடிதமா இது? இத்தனை வருஷம் ஒரு கார்க்காரரோடு குடும்பம் நடத்தியதில் எனக்கும் கொஞ்சம் காதில் விழுந்திருக்கிறது. நூற்றிருபது கிலோமீட்டர் சுற்றிவிட்டு வீட்டுக்கே திரும்புகிற ஆளுக்கு எலக்ட்ரிக்தான் பொருத்தம். வீட்டில் பாதி சார்ஜ்தான் ஏறுகிறது என்றால் வாரத்தில் இரண்டு நாள் வெளியே போட்டுக்கொண்டால் போதும். ஹைபிரிட் என்றால் இன்ஜினையும் பார்க்க வேண்டும், பேட்டரியையும் பார்க்க வேண்டும், இரண்டு மாமியார் இருக்கிற வீடு மாதிரி.

ஆகவே உன் காரணம் இது இல்லை. உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. அதை எழுது. எழுதாவிட்டால் அத்தான் காதில் நான் எதையும் போடப்போவதில்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

*

மார்ச் 19

அன்பான சூனியக்காரிக்கு,

சுகமா? நான் சுகமில்லை. காரணம் நீதான், தோண்டித் தோண்டிக் கேட்கிறாயே!

எங்கள் வீட்டிலிருந்து பதினாலு கிலோமீட்டரில் நாலு ரோடு சேர்கிற இடத்தில் ஒரு டயர்க்கடை இருக்கிறது. கடையை நடத்துகிறவள் ஒரு பெண். போன வருஷம் கடை வாசலில் கார் சார்ஜ் போடுகிற மெஷின் ஒன்றை நட்டிருக்கிறாள். சுற்றுவட்டாரத்தில் வேறு எங்கும் கிடையாது. நீ எழுதினாயே, வாரத்தில் இரண்டு நாள் வெளியே போட்டால் போதும் என்று! அந்த வெளியே இதுதான்.

அந்த டயர்க்கடைக்காரி இவரோடு படித்தவள். கல்யாணம் வரைக்கும் பேச்சு வந்து ஏதோ சண்டையில் நின்றுபோனது. நம் வீட்டில் இது யாருக்கும் தெரியாது. எனக்கே கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரியும். இவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் சார்ஜ் ஏற வேண்டும். வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். நூலகத்துச் சீட்டின் பின்னால் போட்டுப் பார்த்தேன், வருஷத்துக்கு எழுபத்தெட்டு மணி நேரம் வருகிறது. ராத்திரி பகல் சேர்த்து மூன்று நாளுக்கு மேலே, அக்கா! என் புருஷன் மூன்று நாள் அவள் கடை வாசலில் உட்கார்ந்திருப்பாராம், நான் இங்கே புத்தகத்துக்கு எண் ஒட்டிக்கொண்டிருப்பேனாம்.

அவளை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். டயர்க்கடை வைத்திருக்கிறவள் கையில் ஒரு கறையாவது இருக்க வேண்டாமா? கிடையாது. சிரித்தால் கன்னத்தில் குழி விழுகிறது. சார்ஜ் போட வருகிறவர்களுக்கு நாற்காலி போடுகிறாள், டீ கொடுக்கிறாள். பெட்ரோல் பங்க்கில் ஐந்து நிமிஷத்தில் வேலை முடியும், அங்கே பெட்ரோல் போடுகிறவருக்கு மீசையும் இருக்கிறது. இப்போது புரிகிறதா, எனக்கு ஏன் ஹைபிரிட் வேண்டும் என்று?

வயிறு எரிகிறது. வெட்கமாகவும் இருக்கிறது. அத்தானை நீ ஒருநாளும் எங்கே போனீர்கள் என்று கேட்டதில்லை. எப்படித்தான் உனக்கு அந்த மனசு வாய்த்ததோ! எனக்கு வாய்க்கவில்லை. சிரிக்காமல் உதவி செய்.

உன் வாலு

*

ஏப்ரல் 16

வாலுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கடையில் வேலை அதிகம். சுகமாகத்தான் இருக்கிறேன். உனக்குக் கழுத்து தேவலையா?

நான் சிரிக்கவில்லை. நீ செய்வதுதான் சரி. கேட்காமல் இருப்பது பெரிய மனசு என்று யாரோ நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், நாமும் நம்பிக்கொண்டிருக்கிறோம். நீ கேள். வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே இரு.

அத்தானுடைய கடிதம் இதோடு இருக்கிறது. கம்ப்யூட்டரில் அடித்தது. மாப்பிள்ளை கையில் நேராகக் கொடு.

அக்கா

(உறைக்குள் இருந்தது)

ஏப்ரல் 16

அன்புள்ள சகலைக்கு,

தாங்களும் என் மைத்துனியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். புது வண்டி வாங்கப் போவதாகக் கேள்விப்பட்டு மகிழ்ச்சி அடைந்தேன். அனுபவத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன்.

எலக்ட்ரிக் நல்ல வண்டிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவசரத்துக்கு ஓடுகிற டாக்டருக்கு வழியில் உட்கார்ந்து சார்ஜ் ஏற்ற நேரம் இருக்காது என்பது என் கருத்து. ஹைபிரிட் முதல் அறுபது கிலோமீட்டர் கரண்டில் போகும், அதற்கு மேல் பெட்ரோல் பார்த்துக்கொள்ளும். கிராமத்துப் பக்கம் மட்டும் இதுவரை எண்பது வண்டி விற்றிருக்கிறார். ஒருவர்கூடத் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. தைரியமாக வாங்குங்கள் என்று நான் சொல்கிறேன்.

ஷோரூமில் இப்போது வேலை நெருக்கடி, ஆகவே போனில் பேச இயலாது. மன்னிக்கவும்.

தங்கள் அன்புள்ள சகலை

*

மே 8

என் தங்க அக்காவுக்கு,

சுகமா? எனக்குக் கழுத்து வலி போயே போய்விட்டது! இவரும் சுகம், வண்டியும் சுகம். ஆமாம், வண்டி வந்துவிட்டது, ஹைபிரிட்!

அத்தான் கடிதத்தைக் கையில் கொடுத்ததும் இவர் நின்ற இடத்திலேயே படித்தார். திரும்ப ஒரு தடவை படித்தார். கடைசியில், “ஒரு போன் போட்டு நன்றி சொல்லிட்டு வர்றேன்”னு மாடிக்குப் போனார். இறங்கி வர அரை மணி நேரம். “லைன் கிடைக்கல”ன்னார். அப்புறம் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சரி, ஹைபிரிட்டே வாங்கிடலாம், உன் இஷ்டம்”னார். நான் சண்டை போடத் தயாராக வைத்திருந்த வசனமெல்லாம் வீணாகப் போயிற்று.

சாம்பல் நிற வண்டி. பின்னால் மருந்துப் பெட்டி, கயிறு, பூட்ஸ் எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டன. சமையலறை ஜன்னல் வழியாக வயர் போட்டு ராத்திரி சார்ஜ் ஏற்றுகிறோம். சின்ன பேட்டரி என்பதால் இருக்கிற வோல்டேஜே போதும், விடிவதற்குள் நிரம்பிவிடுகிறது.

முதல் நாளே அந்தக் கடை வழியாகத்தான் போகச் சொன்னேன். ஜன்னலை இறக்கி, தலையை நிமிர்த்தி, ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். டயர்க்கடைக்காரி டாட்டா காட்டினாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

அத்தானுக்கு நான் என்ன செய்வேன், சொல்! நேரில் வந்து காலில் விழுகிறேன் என்று சொல்.

உன் வாலு

*

மே 27

வாலுக்கு,

வண்டி வந்தது சந்தோஷம். இங்கே வழக்கம் போல. தலைவலிக்கு மாத்திரை மாற்றியிருக்கிறார்கள்.

வந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொள்ளாதே. சேதி தெரிய வேண்டுமென்றால் ஹைபிரிட்டைப் போல ஒரு வண்டி கிடையாது. வீட்டில் ஏற்றுகிற சார்ஜ் அறுபது கிலோமீட்டருக்குத்தான் வரும். மாப்பிள்ளை ஓடுவது நூற்றிருபது. மீதி அறுபதுக்கு தினமும் மூன்று, நான்கு லிட்டர் பெட்ரோல் குறைந்தாக வேண்டும். பெட்ரோல் முள்ளைப் பார்த்துக்கொண்டே வா. குறைந்தால் நல்லது. குறையவில்லை என்றால் எனக்கு எழுது.

மாப்பிள்ளை நேரத்துக்கு வீட்டுக்கு வருகிறாரா? சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற பழக்கம் உனக்கு உண்டா?

அக்கா

*

ஜூலை 10

அக்கா,

உன் உடம்பு எப்படி என்று கேட்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள். பெட்ரோல் குறையவில்லை.

நீ சொன்ன பிறகு தினமும் காலையில் பால் வாங்கப் போகிற சாக்கில் வண்டியில் ஏறிப் பார்க்கிறேன். ஜூன் பத்தாம் தேதி டேங்க்கை நிரப்பினார். இன்றைக்குச் சரியாக ஒரு மாதம், முள் பாதிக்கு மேலேதான் நிற்கிறது. ஓடிய கிலோமீட்டரும் குறையவில்லை, அதையும் எழுதி வைத்திருக்கிறேன். ஊர் உலகத்தில் பெட்ரோல் மிச்சமாகிறது என்று அழுகிற பெண்டாட்டி நான் ஒருத்திதான்.

பகலில் எங்கேயோ சார்ஜ் போடுகிறார். எங்கேயோ என்ன எங்கேயோ! ஒரே இடம்தான் இருக்கிறது.

நேற்று சாப்பிடும்போது, “பெட்ரோல் போட்டீங்களா?”ன்னு சாதாரணமாகக் கேட்டேன். “இன்னும் இருக்கே”ன்னார், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். அந்த ‘இன்னும் இருக்கே’ எனக்கு விடிய விடிய காதில் கேட்டது. பக்கத்தில் இவர் கொஞ்ச நேரம் புரண்டார், அப்புறம் எழுந்து போய் வெளி பெஞ்ச்சில் படுத்துக்கொண்டார். என் பக்கத்தில் படுக்கக்கூடப் பிடிக்கவில்லை பார்!

என்ன செய்யட்டும், அக்கா? கேட்டுவிடட்டுமா? ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

வாலு

*

ஜூலை 14

வாலு,

கேட்காதே. கேட்டால் பொய் சொல்வார்கள், நீ நம்புவாய். நேரில் போ. சொல்லாமல் போ. மதியம் சார்ஜ் போடுகிறார் என்றால் மதியம் பஸ் பிடித்துப் போய் இறங்கு. கடைக்கு எதிரே நின்று பார்த்துவிட்டு அப்புறம் கிட்டே போ.

என்ன பார்த்தாய், எப்படி உட்கார்ந்திருந்தார்கள், யார் சிரித்தார்கள், உன்னைப் பார்த்ததும் முகம் எப்படி மாறியது, ஒன்று விடாமல் எழுது. அன்றைக்கே எழுது. நான் காத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா

*

ஜூலை 25

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? நான் நன்றாக இருக்கிறேன். நான் ஒரு பைத்தியம், ஆனால் நன்றாக இருக்கிறேன்.

புதன்கிழமை நூலகத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். எதிரே ஒரு புளியமரத்துக்குப் பின்னால் திருடி மாதிரி நின்றேன். எங்கள் சாம்பல் வண்டி அவள் கடை வாசலில், வயர் மாட்டி. இவரைக் காணோம், அவளையும் காணோம். இரண்டு பேரும் உள்ளே என்று முடிவே கட்டிவிட்டேன். ரோட்டைத் தாண்டி விறுவிறுவென்று போனேன்.

இவர் வண்டிக்குள் இருந்தார். சீட்டை முழுசாகச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

டயர்க்கடைக்காரி உள்ளேயிருந்து துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “டாக்டர் வீட்டம்மாதானே? மெதுவா, மெதுவா. எழுப்பிடாதீங்க. இப்பத்தான் அசந்தாரு”ன்னாள். என் புருஷனை எழுப்பாதே என்று என்னிடமே சொல்கிறாள்! “தினமும் வர்றாரா?”ன்னேன். “தினமும்தான். வயரை மாட்டுவாரு, சீட்டைச் சாய்ப்பாரு, அவ்ளோதான். இவரு தூங்குற நேரத்துல நான் காத்து அடிக்கிற மெஷினைக்கூடப் போடறதில்ல, பாவமா இருக்கு. வர்றவங்களை அரை மணி கழிச்சு வரச் சொல்றேன்.”

“ஒண்ணும் பேச மாட்டாரா?”ன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிந்தால்தானே!

சிரித்தாள், அந்தக் குழியோடு. “இவரா? பேசுவாரா? எங்க சண்டையே அதுல வந்ததுதாங்க. கல்யாணத்தைப் பத்தி நான் முக்கியமா ஒண்ணு சொல்லிக்கிட்டிருக்கேன், அழுதுக்கிட்டே சொல்றேன், திரும்பிப் பாத்தா தூங்கிட்டாரு! போய்யான்னு வந்துட்டேன்.”

அப்புறம் ஒன்று சொன்னாள், கேட்டதும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. “எலக்ட்ரிக்கா வாங்கியிருந்தா இந்தப் பெரிய மெஷின்ல மாட்டியிருக்கலாம், முக்கால் மணியில போயிருப்பாரு, அதுவும் வாரத்துல ரெண்டு நாள். இந்த ஹைபிரிட் அதுல ஏறாதுங்க. அதோ அந்தச் சின்ன பிளக்குதான். ரெண்டேகால் மணி நேரம் ஆகுது.” ரெண்டேகால் மணி நேரம்! தினமும்! நானே திட்டம் போட்டு, அத்தான் கையால் கடிதம் வாங்கி, என் புருஷனை அவள் வாசலில் பத்து மடங்கு நேரம் படுக்க வைத்திருக்கிறேன்.

இவரை எழுப்பினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, “மாடு எங்க?”ன்னார். “வீட்டுல கட்டில் இல்லையா? இங்க வந்துதான் தூங்கணுமா?”ன்னேன். கொஞ்ச நேரம் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். “வீட்டுல படுத்தா எங்க போனே, யாரைப் பாத்தே, ஏன் லேட்டுன்னு கேக்குற. விடியக்காலைல மாடு கூப்பிடுது, ராத்திரி நீ கேள்வி கேக்குற. நான் எப்பத்தான் தூங்குறது?”ன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அப்படியே நடு ரோட்டில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் ஒரு டீ கொடுத்தாள். குடித்தேன். நன்றாகவே இருந்தது, அதுவும் எனக்கு எரிச்சல்தான். என் கட்டிலில் வராத தூக்கம் அவள் கடை வாசலில் வருகிறதே என்று இன்றைக்கும் உள்ளே கொஞ்சம் எரிகிறது. ஆனால் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டேன். மூன்று நாளாக இவர் வீட்டில் எட்டு மணிக்கே தூங்குகிறார்.

அத்தானிடம் சொல்லிச் சிரி. உனக்கும் நிம்மதிதானே?

உன் வாலு

*

செப்டம்பர் 4

அக்காவுக்கு,

சுகமா? ஒன்றரை மாதமாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மாடியில் ஏறி நின்று நாலு தடவை போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. தலைவலி அதிகமா? அத்தானுக்கு ஏதாவதா? நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? ஒரு கார்டாவது போடு.

வாலு

*

அக்டோபர் 2

வாலுக்கு,

உன் உடம்பு சுகம் என்று தெரியும். என் உடம்பும் சுகம்தான். அத்தான் சுகமா என்று எனக்குத் தெரியாது.

ஜனவரியிலேயே போய்விட்டார். நீ ஜீப்பைப் பற்றி எழுதுவதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே. கார் வாங்க வந்தவளோடு போய்விட்டார். ஒரு வருஷம் பழக்கமாம், எனக்குத் தெரியாது. வாரத்தில் இரண்டு நாள் தாமதமாக வருவார், நான் சோற்றைச் சூடு பண்ணிப் போடுவேன். எங்கே போனீர்கள் என்று கேட்டதே இல்லை. கேட்காத பெண்டாட்டி என்று எனக்கு அவ்வளவு பெருமை. நீகூட அதைத்தான் மார்ச்சில் எழுதினாய். அந்த வரியைப் படித்துவிட்டு ஒரு மாதம் உனக்குப் பதில் எழுத முடியவில்லை.

அந்தக் கடிதத்தை எழுதியது நான். கண்ணாடிக் கடைக் கம்ப்யூட்டரில் கடையைப் பூட்டிவிட்டு அடித்தேன். கையெழுத்தும் நான் போட்டதுதான்.

உனக்கு உதவி செய்ய எழுதினேன் என்று நினைக்காதே. முதலில் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் பெட்ரோல் முள்ளைப் பார் என்று எழுதினேனே, சட்டைப்பையைப் பார் என்று எழுதினேனே, அது உதவி இல்லை. உனக்கும் நடக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். என் தங்கை, நான் தூக்கி வளர்த்தவள், நீயும் ஒருநாள் அந்த மாதிரிக் கடை வாசலில் நின்று பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு எனக்கு எழுத வேண்டும், அப்புறம் நாம் இரண்டு பேரும் ஒரே மாதிரி ஆகிவிடுவோம் என்று. ஜூலையில் தினமும் கீழே போய்த் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

உன் கடிதம் வந்தது. அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார் என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை. வயிறு எரிகிறது என்று நீ விளையாட்டாக எழுதுவாய். எனக்கு உண்மையாகவே எரிந்தது. நீ சந்தேகப்பட்டுச் சண்டை போட உனக்கு ஒரு ஆள் இருக்கிறார், அவர் எட்டு மணிக்குத் தூங்குகிறார். அதைப் பார்த்து எனக்குப் பொறாமை. இவ்வளவுதான் உன் அக்கா.

இதற்குப் பதில் எழுதாதே. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

*

அக்டோபர் 9, உன் வீட்டு வாசல்

அக்கா,

உடம்பு எப்படி என்று கேட்கப் போவதில்லை, கண்ணால் பார்த்துக்கொள்கிறேன். மூன்று தடவை பெல் அடித்துவிட்டேன். நீ உள்ளேதான் இருக்கிறாய். வாசலில் உன் செருப்பு கிடக்கிறது. அது ஒரு ஜோடி மட்டும் தனியாகக் கிடப்பதைப் பார்த்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கடிதத்தை மடியில் வைத்துத்தான் எழுதுகிறேன். எழுதிக் கதவுக்கடியில் தள்ளுவேன்.

உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பெட்ரோல் முள்ளைப் பார்த்து நான் அழுத ஒவ்வொரு நாளும் நினைவுக்கு வந்தது. உன்னை உண்டு இல்லை என்று பண்ணிவிட வேண்டும் என்று தோன்றியது. இவரிடம் நீட்டினேன். படித்துவிட்டு, “எனக்குத் தெரியும்”னார்.

“என்ன தெரியும்?”

“அண்ணன் போயிட்டது. ஏப்ரல்லயே தெரியும்.”

நீ அடித்த கடிதத்தை இவர் இரண்டாம் தடவை ஏன் படித்தார் தெரியுமா? முழுக்க நான், நான் என்று எழுதிக்கொண்டே வந்தவள், ஒரு இடத்தில் ‘எண்பது வண்டி விற்றிருக்கிறார்’ என்று அடித்திருக்கிறாய். “தன்னைத்தானே எவனாவது ‘ஆர்’ போட்டு மரியாதையாச் சொல்லிக்குவானா? இது அண்ணி எழுதினதுன்னு அங்கயே தெரிஞ்சுபோச்சு”ன்னார். விட்டுப் போன ஆளுக்கும் உன் கை மரியாதை கொடுத்திருக்கிறது, அக்கா. அதைக் கேட்டதும்தான் எனக்குக் கோபம் கலைந்து அழுகை வந்தது.

அன்றைக்கு மாடியில் நன்றி சொல்லப் போனவர் ஷோரூமுக்குத்தான் போன் போட்டிருக்கிறார். அத்தான் ஜனவரியோடு வேலையை விட்டுவிட்டு, கார் வாங்க வந்தவளோடு போய்விட்டார் என்று சொல்லியிருக்கிறார்கள். “அண்ணி அவ்ளோ கஷ்டத்துல உக்காந்து உனக்காக ஒரு கடுதாசி அடிச்சிருக்காங்க. நான் எலக்ட்ரிக்தான்னு நின்னா நீ அண்ணன்கிட்டயே நேரா பேசறேன்னு கிளம்புவே. அவங்களே சொல்லாததை நான் போட்டு உடைக்கணுமா? அதான் ஹைபிரிட்டே போதும்னுட்டேன்”னார்.

ஆசைப்பட்ட வண்டியை விட்டுவிட்டு உன் மானத்துக்காக இந்த வண்டியை வாங்கியிருக்கிறார். ஆறு மாதமாக என் புருஷன் ஒரு பெண்ணுடைய ரகசியத்தை என்னிடமிருந்து மறைத்து வைத்திருந்தார், அந்தப் பெண் நீ! நான் போய் அந்த டயர்க்கடைக்காரியை மரத்துக்குப் பின்னால் நின்று காவல் காத்தேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். இப்போது எனக்கு உன் மேல்தான் பொறாமை, கேட்டுக்கொள்.

விடியற்காலையில் கிளம்பினோம். இத்தனை தூரத்துக்கு ஒரே ஒரு தடவைதான் நிறுத்தினோம், பெட்ரோல் போட.

இப்போது இவரும் மாடி ஏறி வந்துவிட்டார். “அண்ணி, நான் வேணும்னா கீழ இருக்கேன், நீங்க இவளை மட்டும் உள்ள விட்டாப் போதும்”னு கதவைப் பார்த்துச் சொல்கிறார். கேட்கிறதா?

முகத்தைக் கழுவிக்கொள்ள ஐந்து நிமிஷம் தருகிறேன். அதற்குள் திறக்காவிட்டால் எதிர்வீட்டுக்காரர்கள் எல்லோரும் வெளியே வருகிற மாதிரி உன்னைத் திட்டுவேன். திறந்தாலும் திட்டுவேன், ஆனால் உள்ளே வந்து திட்டுவேன்.

வாலு